செல்லக்கிளி சொல்லும் கப்பல்

ஒருவர் இல்லாமல் இன்னொருவரால் ஒரு மணி நேரம்கூட இருக்க முடியாது என்றால், அந்த இருவரில் யார் யாரிடம் மாட்டிக்கொண்டிருக்கிறார்? காலையில் செல்லக்கிளி தலைவாரிவிடும்போது கமலாவுக்கு இந்தக் கேள்வி அடிக்கடி வரும். மேற்கொண்டு யோசிக்கத்தான் முடியாது. செல்லக்கிளி பேசிக்கொண்டே இருப்பார்.

"சர்க்கர மாத்திரையக் கொண்டுபோயி பெரிய பொட்டில போட்டுறாதீங்க," என்கிறார் இன்று. சீப்பு கமலாவின் உச்சியில் பாதி வழியில் நிற்கிறது. "பெரிய பொட்டிய ஏறுற எடத்துலியே வாங்கிக்குவான். ரூமுக்கு வந்து சேர பொழுது சாஞ்சிரும். அதுவரிக்கும் மாத்திரைக்கு எங்க போவீங்க? மாத்திர, ஒரு மாத்துத் துணி, கண்ணாடி, எல்லாத்தியும் கைப்பையில வெச்சிக்கினு ஏறணும்."

கேட்டுக்கொண்டிருப்பவர் தேவயானி, நெய்வேலி சுரங்கக் குவார்ட்டர்ஸில் பின் தெருக்காரர். அவருடைய மகள் இவரையும் சேர்த்துச் சிங்கப்பூரிலிருந்து குடும்பத்தோடு கப்பலில் போக ஏற்பாடு செய்திருக்கிறாள். உடன் வரும் மகளின் மாமியாருக்கு மூட்டு தேய்ந்துவிட்டது. நாலடி நடந்தால் உட்கார வேண்டும். டிக்கெட் போட்டுத் தரப்போகிறவர் எதைக் கேட்டாலும் 'அதெல்லாம் இருக்கும் மேடம்' என்கிறாராம். அதனால் இங்கே வந்திருக்கிறார்.

"வீல்சேர் அவங்களே தருவாங்கல்ல?"

"தருவான். ரூம் வாசவரிக்கும் தள்ளிகினு வந்து உட்டுட்டு, சேர எடுத்துகினு பூடுவான். அப்புறம் அஞ்சு நாளும் ஆயா இன்னா தவழ்ந்துகினா போவும்? சொந்த சேர் வேணும்ங்க, மடக்குற மாதிரி. டிக்கெட் போடும்போதே சொல்லிரணும், எங்களுக்கு அகலக் கதவு ரூமு வேணும்னு. நடு கப்பல்ல கேளுங்க, ஆட்டம் கம்மி. லிப்டு கிட்ட கேளுங்க. அந்த நடையில மெத்துமெத்துன்னு கம்பளம் போட்டுருக்கான் பாருங்க, சக்கரம் நவுராது. எனக்கே தோள் எறங்கிப்போச்சி."

தேவயானி கைப்பேசியில் குறித்துக்கொள்கிறார். தலை சீவி முடிந்துவிட்டது. ஆனால் பேச்சு முடியவில்லை என்பதால் செல்லக்கிளி பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னுகிறார். கை சும்மா இருந்தால் அவருக்குப் பேச்சு வராது.

அவர் சொல்வது அத்தனையும் நம்பத்தக்கது என்று சொல்ல முடியாது. கப்பலுக்கு ஒவ்வொரு முறை சொல்லும்போதும் ஒரு மாடி கூடும். சுரங்கத்தில் மண் அள்ளும் பெரிய மிஷினை ஓரத்தில் நிறுத்தினால் கப்பலுக்கு அது தொங்கட்டான் மாதிரி இருக்கும் என்பார். ஆபத்து ஒத்திகைக்கு ஊதும் சங்கை, "நம்ம ஷிப்ட்டு சங்கு மாதிரியேதாங்க. ஆனா இது ஊதுனா வேலைக்கு ஓட வேணாம், சொன்ன எடத்துல போயி நிக்கணும்" என்று விளக்குவார். அதுவரை சரி. அந்த ஒத்திகைக்கு வராதவர்களை நடுக்கடலிலேயே இறக்கிவிட்டுவிடுவார்கள் என்று சேர்த்துச் சொல்வது அவருடைய சொந்தச் சரக்கு. கமலா திருத்துவதில்லை.

கப்பலில் கொடுத்த அட்டையைச் செல்லக்கிளி அதன் கழுத்துப்பட்டையோடு இன்னும் மாட்டிக்கொண்டுதான் தினமும் காடாம்புலியூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறார். அதில்தான் வீட்டுச் சாவியும் தொங்குகிறது. "அங்க இந்த அட்டதாங்க சாவி, இதான் காசு, இதான் நாம" என்பார். ஒருநாள் கண்டக்டர் எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, மைன்ஸ் பாஸா? பர்மனென்ட் ஆயிட்டியா?" என்று கேட்டிருக்கிறார்.

"கப்பல் பாஸு."

"அடேயப்பா! கப்பல்ல பர்மனென்ட்டா?"

"அங்கியும் எல்லாம் கான்ட்ராக்ட்டுதான் தம்பி. நான் வெசாரிச்சிட்டேன்."

விசாரித்தது உண்மை. அறை சுத்தம் செய்ய வந்த பெண்ணிடம், மொழி தெரியாமலேயே, அவளுக்கு எத்தனை பிள்ளைகள், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போவாள் என்பதையெல்லாம் கையாலேயே கேட்டுத் தெரிந்துகொண்டுவிட்டார். அந்தப் பெண் துண்டை மடித்துக் குரங்கு பொம்மை செய்து கட்டிலில் வைத்தபோது, "இதுக்கா உன்ன ஊர உட்டு வரச்சொன்னான்?" என்று தமிழிலேயே கேட்டார். அவள் சிரித்தாளாம்.

முந்திரி உடைத்த கறை செல்லக்கிளியின் விரல்களை விட்டு இன்னும் போகவில்லை. பாஸ்போர்ட்டுக்குக் கைரேகை எடுக்கப் போனபோது மிஷினில் ரேகை விழாமல், சோப்புப் போட்டுப் போட்டுத் தேய்த்துவிட்டு வைக்க வேண்டியிருந்தது. கணவர் கலியன் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. சின்ன வயதில் தம்பியை இடுப்பில் தூக்கியது, பிறகு சொந்தப் பிள்ளைகள், அப்புறம் படுக்கையில் விழுந்த மாமியார், இப்போது கமலா. அந்த இடுப்பு காலியாக இருந்த நாள் எது என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

கமலாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்ததிலிருந்து செல்லக்கிளிதான் இந்த வீட்டின் நடமாட்டம். அதற்காக அவரைப் புண்ணியவதி ஆக்கிவிட வேண்டியதில்லை. சீரியல் சத்தம் வாசல் கேட் வரை கேட்கும். கமலாவின் காபிக்கு எவ்வளவு சர்க்கரை, அன்றைக்கு எந்தப் புடவை என்பதெல்லாம் அவர் முடிவு. கமலா இடது கையால் சக்கர நாற்காலியின் சக்கரத்தை இரண்டு சுற்று சுற்றி வராந்தாப் பக்கம் நகர்ந்தால் போதும், சமையலறையிலிருந்து குரல் வந்துவிடும்: "இன்னாத்துக்கு அவசரம்? வந்துகினேதான இருக்கேன்?" கமலா கையை எடுத்துவிடுவார். கோபம் வரும். அதே செல்லக்கிளி ஒருநாள் பஸ் தவறிப் பத்து நிமிடம் தாமதித்தால், கமலா கழுத்தில் வியர்த்து, வாசலைப் பார்த்தபடியே இருப்பார். எது பெரியது, கோபமா பயமா என்று கமலாவால் சொல்ல முடிந்ததில்லை.

மகன் விஷ்ணு சிங்கப்பூரில் வேலையில் இருக்கிறான். இரண்டு வருடத்துக்கு முன்னால் அம்மாவையும் அப்பாவையும் அங்கே வரவழைத்து, கப்பலில் அனுப்பிவைக்க ஆசைப்பட்டான். கமலா ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

"நாலு ஆம்பளைங்க மூட்டை மாதிரி தூக்கி ஏத்துவாங்க. ஊரே வேடிக்கை பாக்கும். அதுக்கா நான் கப்பலுக்கு வரணும்?"

மகன் போனில் படம் படமாக அனுப்பினான். சரிவுப் பாதை இருக்கிறது, உருட்டிக்கொண்டே போய்விடலாம் என்றான். கணவர் ஜெயராமன், சுரங்க அலுவலகத்தில் ஓய்வுக்குக் காத்திருப்பவர், அவரும் சொல்லிப் பார்த்தார். கடைசியில் கமலா ஒரு நிபந்தனை போட்டார். "செல்லக்கிளி வந்தா வர்றேன். அவ கையத் தவிர வேற கை என்மேல படக் கூடாது."

கப்பல் குளியலறை வாசலில் மேடு இருக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஜெயராமன் குவார்ட்டர்ஸ் குளியலறை முன்னால் செங்கல் அடுக்கினார். அதைத் தாண்டித் தூக்கி வைக்கிற ஒத்திகை ஒரு மாதம் நடந்தது. "கழுத்தக் கட்டிக்கோங்க. காலப் பாக்காதீங்க, என் மூஞ்சியப் பாருங்க. ம்!" கப்பலில் அவர்களுக்குக் கிடைத்த அறையில் மேடே இல்லை. வழவழவென்று சமமான தரை, பிடித்துக்கொள்ளக் கம்பி, உட்கார்ந்து குளிக்க மடக்குப் பலகை. செல்லக்கிளி இடுப்பில் கை வைத்து நின்றார். "சாரு, அத்தினி கல்லு அடுக்கினீங்களே, இதுக்குத்தானா?"

கமலாவை யாரும் தூக்கவில்லை. ஏறும் இடத்தில் ஒரு பணியாள் உதவிக்குக் கை நீட்டியபோது செல்லக்கிளி சக்கர நாற்காலிக்கும் அந்தக் கைக்கும் நடுவில் புகுந்துகொண்டார். வாக்கு காப்பாற்றப்பட்டது.

இவ்வளவையும் கேட்டபின் எழுந்து போகப்போன தேவயானி, ஏதோ ஞாபகம் வந்து நிற்கிறார். "ஒரு எடத்துல கப்பல் கரைக்கே போகாதாமே? சின்னப் படகுல இறக்குவாங்களாம். அது எப்படி இருக்கும்? ஆடுமா?"

"அதுல நான் போவலைங்க."

"ஏன்?"

"போவலைங்க." சீப்பில் சிக்கிய முடியை இழுத்துச் சுருட்டுகிறார் செல்லக்கிளி. "சாப்பாட்ட நெனச்சி பயப்படாதீங்க. தயிரு கெடைக்கும். ஊறுகா கொண்டுபோங்க."

கப்பலைப் பற்றி எதைக் கேட்டாலும் ஒரு மாடி கூட்டிச் சொல்கிறவர் இந்த ஒன்றில் மட்டும் ஒரு சொல்லைத் தாண்டுவதில்லை. ஜெயராமன் கப்பலிலேயே கேட்டதற்கும் இதே பதில்தான். கமலா கேட்டதே இல்லை.

அந்தப் பயணத்தின் மூன்றாம் நாள் காலை கப்பல் புக்கெட் தீவுக்கு எதிரே நடுக்கடலில் நங்கூரம் பாய்ச்சி நின்றது. கரைக்குப் படகு. அலையில் படகு ஏறி இறங்கும் என்பதால், தானாக ஓரெட்டு எடுத்து வைக்க முடியாதவர்கள் இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஜெயராமன் ஊர் சுற்றும் பஸ்ஸுக்குப் பதிந்திருந்ததால் முதல் படகிலேயே போய்விட்டார். பக்கத்து அறை மலேசியத் தமிழ்க் குடும்பம் செல்லக்கிளியைக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தது. கமலாவைக் குளிப்பாட்டி முடிக்க நேரமாகும் என்று, பிந்திய படகுக்கான பதினேழாம் எண் போட்ட ஸ்டிக்கரை ஜெயராமன் வாங்கிக் கொடுத்திருந்தார்.

"நீ போய்ட்டு வா," என்றார் கமலா.

"நீங்க ஒண்டியா இருப்பீங்களா?"

"ஏன், நான் என்ன கொழந்தையா?"

"கொழந்தையா இருந்தா தொட்டில்ல போட்டு ஆட்டிட்டுப் போயிருப்பேனே. நீங்க தூங்கவும் மாட்டீங்க, சும்மா இருக்கவும் மாட்டீங்க."

"போடி."

தண்ணீர், போன், டி.வி. ரிமோட், பிஸ்கட் எல்லாவற்றையும் இடது கைக்கு எட்டும்படி வைத்தார் செல்லக்கிளி. வாசல்வரை போய்த் திரும்பி வந்து ரிமோட்டை இன்னும் ஒரு விரல்கடை கிட்டே நகர்த்தி வைத்தார். கிளிப்பச்சைப் புடவையின் தோளில் ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

பக்கவாதம் வந்த மூன்று வருடத்தில் முதல் முறையாகக் கமலா தனியாக இருந்தார். முதலில் வந்தது பயம்தான். ஏசி சத்தம் கேட்டது. தன் மூச்சு கேட்டது. போனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கூப்பிட்டால் யாராவது வருவார்கள். வருகிறவர் செல்லக்கிளியாக இருக்க மாட்டார். சிறிது நேரம் கழித்து, யாருமே "இன்னாத்துக்கு அவசரம்" என்று கேட்கவில்லை என்பது உறைத்தது. மேல்தளத்திலிருந்து பார்த்தால் படகுகள் தெரியும். செல்லக்கிளி போகிற படகுக்கு ஒரு டாட்டா காட்டலாமே என்று தோன்றியது.

சுவரில் இருந்த பொத்தானை அழுத்தினார். அகலக் கதவு திறந்தது. இடது கையால் சக்கரத்தைத் தள்ளி, இடது காலால் தரையை உதைத்து, கம்பளத்தில் நாற்காலி மக்கர் செய்தபோது சுவரோரக் கைப்பிடியைப் பற்றி இழுத்து, நின்று, மூச்சு வாங்கி, மறுபடி இழுத்து லிப்ட் வரை போய்ச் சேர்ந்தார். உள்ளே இருந்த வெள்ளைக்காரக் கிழவர் எந்த மாடி என்று விரலால் கேட்டார். கமலா விரலால் மேலே காட்டினார். யாரும் அவரைத் தொடவில்லை.

மேல்தளத்தில் தீவுப் பக்கம் ஒரே கூட்டம். கம்பிகளுக்கு நடுவே, ஆரஞ்சுக் கூரை போட்ட படகுகள் கரையை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தன. கிளிப்பச்சையைத் தேடினார். காணவில்லை. இன்னும் புறப்படவில்லை போலும் என்று நாற்காலியைத் திருப்பியபோது, எதிர்ப்பக்கக் கண்ணாடிக் கதவு வழியாக அந்தப் பச்சை தெரிந்தது.

அந்தப் பக்கம் தீவு இல்லை. வெறும் கடல்தான். அதைப் பார்த்தபடி நீள நாற்காலிகள் வரிசையாகக் காலியாகக் கிடந்தன. ஒன்றில் மட்டும் செல்லக்கிளி. செருப்பைக் கழற்றிக் கீழே ஜோடியாக வைத்துவிட்டு, கால் நீட்டி, ஒரு கையைத் தலைக்கு அணையாகக் கொடுத்து மல்லாந்து கிடந்தார். இன்னொரு கை வயிற்றின்மேல் சும்மா இருந்தது. அந்தக் கை சும்மா இருந்து கமலா பார்த்ததில்லை.

கூப்பிடு தூரம்தான். கூப்பிட்டால் அடுத்த நொடி எழுந்து ஓடிவருவார். அது தெரிந்ததால்தான் கமலா கூப்பிடவில்லை. அப்புறம் சத்தமில்லாமல் அறைக்குத் திரும்பியதும், தோள் வலியை மாலையில் மறைத்ததும், செல்லக்கிளிக்கு இன்றுவரை தெரியாது. நெய்வேலிக்குத் திரும்பி வந்தபிறகு கமலா தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பின் தூங்கப்போவதாகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்கிறார். தூக்கம் வருவதில்லை. ஒரு மணி நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வராந்தாவில் அந்த ஒரு மணி நேரம் டி.வி. சத்தமும் கேட்பதில்லை.

அன்றைக்குக் கமலா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் இருந்தபோது ஒலிபெருக்கி படகு எண்களைச் சொல்ல ஆரம்பித்தது. ஃபிஃப்டீன். சிக்ஸ்டீன். குவார்ட்டர்ஸ் நம்பர்களிலும் பஸ் நம்பர்களிலும் பழகிய ஆங்கிலம்; செல்லக்கிளிக்கு அது புரியும். செவன்டீன் என்றதும் தலையைத் தூக்கினார். இரண்டாம் முறையும் சொன்னார்கள். அவர் தோளிலிருந்த ஸ்டிக்கரை நகத்தால் கிளப்பி, மெதுவாக உரித்தெடுத்து, நாற்காலியின் கைப்பிடியில் ஒட்டி, கட்டை விரலால் ஒருமுறை அழுத்தித் தேய்த்துவிட்டு, மறுபடி சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.