கூட யார் வந்திருக்காங்க?

நாடு சுற்றிப் பார்க்க நான் ஊரைவிட்டுக் கிளம்பிய செவ்வாய்க்கிழமை, வழியனுப்ப வந்த அத்தையால் பேருந்துப் படியில் காலை வைக்க முடியவில்லை. பையைக் கீழே நின்றபடியே எட்டிக் கொடுத்தாள்.

"இடுப்பு பிடிச்சிருக்குடி. நீ போ."

"டாக்டரப் போய்ப் பாரு அத்தை" என்று ஜன்னல் வழியே சொன்னேன். அத்தோடு சரி. திரும்பி வர மூன்று வருஷம் ஆயிற்று.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. விடுதிகளின் படுக்கைவிரிப்புகளைத் துவைக்கும் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க நின்றபடி இஸ்திரி போட்டாள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். நானும் போனபின் அவள் மட்டும்.

டாக்டரைப் பார்க்கத்தான் செய்தாள். "இடுப்பு வலிம்மா" என்றதும், சீட்டு எழுதும் பெண் நிமிராமலே, "எத்தனாவது மாசம்?" என்றாளாம். அத்தைக்கு அப்போது ஐம்பத்திரண்டு.

"முப்பது வருஷம் லேட்டா கேக்குறியேம்மா!"

வரிசையே சிரித்ததாம்.

உள்ளே போனதும் அந்த வாய் அடைத்துப்போயிற்று. "எங்க வலிக்குது?" என்று கேட்ட டாக்டர் ஆண். வலியோ தொடை இடுக்கில். சொல்லக் கூசி, முதுகுக்குக் கீழே கையை வைத்துக் காட்டிவிட்டாள். பக்கத்தில் ஒருத்தி இருந்திருந்தால் அவள் காதிலாவது சொல்லியிருப்பாள். முதுகைப் படமெடுத்தார்கள்; பெல்ட்டும் மாத்திரையும் கொடுத்தார்கள். இரண்டு வருஷம் அந்த பெல்ட்டைக் கட்டிக்கொண்டே இஸ்திரி போட்டாள். வலது கால் நகம் வெட்டக் கை எட்டவில்லை. வெட்டிவிடச் சொல்லி யாரைக் கேட்பது?

கடைசியில் பிசியோதெரபி பெண் ஒருத்தி அவளைப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கி உள்பக்கமாகத் திருப்பினாள். அத்தை அலறிவிட்டாள்.

"முதுகு இல்லம்மா, தொடை இடுப்போட சேர்ற மூட்டு தேஞ்சிருக்கு. இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"அத எப்படிச் சொல்றது?"

மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். "கூட யார் வந்திருக்காங்க?" என்று கேட்டார்கள். யாரும் இல்லை என்றதும், ஆள் இல்லாமல் சேர்த்துக்கொள்ள முடியாது என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது முறைதான் சேர்த்துக்கொண்டார்கள்.

நான் அப்போது மலைகளுக்குள் நடந்துகொண்டிருந்தேன். கீழே இறங்கி சிக்னல் கிடைத்ததும், பத்தொன்பது நாள் பழைய குரல்செய்தி ஒன்று வந்து விழுந்தது.

"நாளைக்கு ஆபரேஷன்டி. கூட இருக்க ஆள் வேணும்னாங்க, உன் பேரை எழுதிட்டேன். யாராவது கேட்டா, 'வந்துக்கிட்டிருக்கா'ன்னு சொல்லிக்கிறேன். நீ பதறிக்கிட்டு வராத. சும்மா, பேருக்குத்தான்."