கொருக்குப்பேட்டையில் ஜப்பான் கேப்டன்

அந்த ஜப்பான் கால்பந்துக் கேப்டனை அவள் ஊரில் எப்படியெல்லாம் கொண்டாடினார்களோ, எனக்குத் தெரியாது. கொருக்குப்பேட்டையில் அவளுக்குப் பேனர் வைத்தது எங்கள் மாமா ஒருவர்தான். பாவம், அவளுக்கு இது இன்றுவரை தெரியாது.

மாமா அம்மாவின் தம்பி. பகலில் ஹார்பரில் லோடு ஏற்றுவார். சாயங்காலம் ரயில்வே லைன் ஓரத்து மைதானத்தில் பந்து ஆடுவார். நானும் பெண்கள் டீமோடு அங்கேதான் கிடப்பேன். கேப்டனைப் பற்றி அவர் பேசாத நாளில்லை. சின்ன வயதில் பையன்களோடு ஆட ஆரம்பித்தவளாம். பார்க்க நாலு பேர்கூட வராத காலத்திலும் விடாமல் ஆடியவளாம். கோப்பையோடு திரும்பியபோது விமான நிலையத்தில் கால் வைக்க இடமில்லையாம். எனக்கு அவள்மேல் பைத்தியம். பள்ளிக்கூடச் சட்டையின் முதுகில் அவள் நம்பரை மார்க்கரால் எழுதி அடி வாங்கியிருக்கிறேன்.

ஆனால் எனக்கு ஒரு கெடு இருந்தது. வயதுக்கு வந்ததும் மைதானத்தை மறந்துவிட வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். எங்கள் டீமில் இருந்த அக்காமார்கள் ஒவ்வொருத்தராக அப்படித்தான் காணாமல் போனார்கள்.

மாமாவுக்கு மனசு ஆறவில்லை. காதுகுத்துக்கே பேனர் கட்டுகிற தெரு. பந்து ஆடுகிற பெண்ணுக்கும் ஒன்று கட்டினால் அப்பா மாறிவிடுவார் என்று நம்பினார். கேப்டன் படம், பக்கத்தில் என் படம், மேலே ‘நாளைய கால்பந்துக் கேப்டன்’, கீழே ‘அன்புடன் தாய்மாமன்’. பாசம் தாங்காமல் என் படத்தைக் கேப்டனைவிடப் பெரிதாகப் போடச் சொல்லிவிட்டார். பிளெக்ஸ் கடைக்காரரோ அவசரத்தில், மஞ்சள் நீராட்டு விழாவுக்கு வைத்திருந்த மஞ்சள் பின்னணியையும் ரோஜாவையும் மயிலையும் அப்படியே சேர்த்து அடித்துக் கொடுத்தார். மாமா பார்த்துவிட்டு, “சோக்கா கீதுபா” என்றாராம்.

பேனரில் எழுத்தை யார் படிக்கிறார்கள்? மறுநாள் காலையிலேயே எதிர்வீட்டு அக்கா, தட்டு நிறைய வாழைப்பழமும் வளையலுமாக வந்து நின்றாள்.

“இன்னாக்கா நீ, பொண்ணு வயசுக்கு வந்துகீது, எங்களாண்ட ஒரு வார்த்த சொல்லல? ஆமா, பேனர்ல பக்கத்துல ஒண்ணு நிக்குதே, அது யாரு, உங்க சொந்தமா?”

“ஐயோ, அது ஜப்பான்க்கா!” என்று மாமா தலையில் கைவைத்தார்.

“ஜப்பான்ல இருந்தெல்லாம் வந்துகீறாங்க, எதிர்வூட்டுக்குச் சொல்லலியே” என்று அவள் இன்னும் குமுறினாள்.

அம்மா ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, “அவசரத்துல சொல்ல முடியல, தப்பா நெனச்சுக்காத” என்றாள். மாமா வாயைத் திறந்தார். அம்மா முறைத்ததும் மூடிக்கொண்டார்.

டிரெய்லர் லாரி ஓட்டப் போயிருந்த அப்பா நாலு நாள் கழித்து வந்ததும், அவரிடம் மட்டும் அம்மா உண்மையைச் சொன்னாள். அவர் மாமாவைக் கிழி கிழியென்று கிழித்தார். ஆனாலும் வீடு வீடாகப் போய் விளக்கம் சொல்ல வெட்கப்பட்டு விட்டுவிட்டார். வயதுக்கு வந்த பெண் பந்து ஆடுகிறாளே என்று தெரு கொஞ்ச நாள் முணுமுணுத்தது, அப்புறம் பழகிக்கொண்டது.

அடுத்த வருஷம் அது உண்மையாகவே நடந்தது. அப்பா வெளியூரில் இருந்தார். அம்மா கதவைச் சாத்திவிட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினாள். பட்டுப் பாவாடை, மாலை, மைக்செட், எல்லாம் வரப்போகிறது என்று நான் காத்திருந்தேன்.

“மேட்ச் எப்போ?” என்றாள்.

“ஞாயித்துக்கெழம.”

“போய் ஆடு. உங்க நைனாவாண்டகூட மூச்சு வுடாத.”

எனக்கு வந்ததே ஆத்திரம்! இவளைப் போல ஒரு கஞ்சப் பிசினாறி உலகத்திலேயே கிடையாது, தெருவில் எல்லாப் பெண்ணுக்கும் செய்ததை எனக்கு மட்டும் செய்யவில்லையே என்று பாயில் புரண்டு அழுதேன். மூன்று நாள் அவளோடு பேசவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கோபத்திலேயே இரண்டு கோல் போட்டேன். வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள்.

“ஜெயிச்சியா?” என்று கேட்டாள்.

நான் அவளைத் தாண்டிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.