முதலில் சித்தப்பா, பிறகுதான் சட்டம்

தர்மிளாவைப் பற்றி லா சப்பல் கடைத்தெருவில் இப்போது இரண்டு கட்சி. திமிர் பிடித்தவள் என்பது ஒன்று. நான் மற்றக் கட்சி. என் பூக்கடைக்கு வந்து யாராவது அவளைக் குறை சொன்னால், மாலையைக் கையில் கொடுத்து வெளியே அனுப்பிவிடுவேன்.

குணரத்தினம் அண்ணைக்கு அவள் ஒரே பிள்ளை. தாய் முன்னமே போய்ச்சேர்ந்துவிட்டாள். அண்ணை உணவகத்துக் குசினியில் கோப்பை கழுவி அவளைப் படிக்க வைத்தார். அவள் சார்செல் பள்ளிக்கூடத்தில் சரித்திர ஆசிரியை ஆனாள். அவருக்குச் சிறுநீரகம் பழுதானபோது ஆஸ்பத்திரிக்குக் கொண்டு திரிந்ததும், கடைசியில் கரண்டியால் வாயில் தண்ணீர் விட்டதும் அவள்தான். "என்ர காரியத்தை நீதான் பிள்ளை செய்யவேணும்" என்று அவர் சொன்னதைக் கட்டிலடியில் நின்று நானும் கேட்டேன்.

அவர் கண்ணை மூடியதும் செவ்ரானிலிருந்து தம்பி புண்ணியமூர்த்தி வந்து இறங்கினார். அதுவரை எட்டியும் பார்க்காத மனிதர். மார்க்ஸ் டோர்மோய் தெருவில் அண்ணை வீட்டுச் சோபாவின் நடுவில் இருந்துகொண்டு, "கொள்ளி என்ர மகன் கரிகாலன் வைப்பான்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்பா என்னைத்தான் கேட்டவர், சித்தப்பா."

"பொம்பிளைப் பிள்ளை கொள்ளி வைச்சதாச் சரித்திரம் இருக்கோ?"

போயும் போயும் சரித்திர ரீச்சரிடம் கேட்டார்!

"சரித்திரம் சொல்லுறன், கேளுங்கோ. எழுநூறு வருசத்துக்கு முதல் இந்தப் பிரெஞ்சு நாட்டு ராசா செத்தார். பிறகு பிறந்த ஆண் குழந்தையும் சில நாளிலை செத்துப்போச்சு. மிஞ்சினது ழான் எண்டொரு மகள். ராசாவின்ர தம்பி வந்து சிம்மாசனத்திலை இருந்திட்டார். பொம்பிளை ஆளக்கூடாதெண்டு பிறகுதான் ஆக்களைக் கூட்டிச் சொல்லுவிச்சவை. சாலிக் சட்டம் எண்ட பழசொண்டைத் தேடியெடுத்துக் காட்டினது அதுக்கும் கனகாலம் கழிச்சு. முதல்லை சித்தப்பா, பிறகுதான் சட்டம்."

"உந்தப் படிப்பை உன்ர பள்ளிக்கூடத்திலை வை!"

"அந்தப் பிள்ளைக்கு அப்ப நாலு வயசு. வாய் திறக்கேலாது. எனக்கு நாப்பது."

ஊரில் பெண்கள் சுடலைக்கே போவதில்லை. இங்கே தகனசாலைக்கு எல்லோரும் போகிறோம். நெருப்பைக் கையில் தரமாட்டார்கள். சுவரில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அமத்துகிறவர்தான் கொள்ளி வைத்தவர்.

அன்று புண்ணியமூர்த்தி மகனுக்கு வேட்டி கட்டி அங்கே கூட்டிவந்து ஐயருக்குப் பக்கத்தில் நிறுத்தினார். "உரிமைக்காரர் முன்னுக்கு வாங்கோ" என்றார் ஐயர்.

தர்மிளா கரிகாலனைத் தாண்டிப் போய்த் தர்ப்பைக்கு விரலை நீட்டினாள். "என்ர பேரைச் சொல்லுங்கோ, ஐயா."

ஐயர் புண்ணியமூர்த்தியைப் பார்த்தார்.

"அங்கை என்ன பார்க்கிறியள்? மகள் இஞ்சை நிக்கிறன்."

"கரிகாலன், போடா முன்னுக்கு!" என்று சித்தப்பா கத்தினார். அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனான். ஐயர் தர்ப்பையை அவள் விரலில் போட்டார்.

அவள் பொத்தானை அமத்தினாள். பெட்டி உள்ளே போய்க் கதவு மூடிய பிறகும் கையை எடுக்கவில்லை. எனக்குக் கண் மறைத்தது.

"அப்பா, நான்தான்" என்றாள். "வேற ஒருத்தரும் இல்லை. நான்தான்."