யாருக்கு எவ்வளவு என்று எழுதாத பத்திரம்

நைனா, அதாவது என் அப்பா, எழுதிவைத்த பத்திரத்தில் என் பெயரும் இருக்கிறது என்பது, அவர் இறந்து இரண்டு வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதுவும் ஒரு வருமான வரி நோட்டீஸ் வந்ததால்தான் தெரிந்தது.

அப்போது நான் நெல்லூர்ப் பக்கம் ஓர் இறால் குட்டையில் காவல் வேலையில் இருந்தேன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டுக் கிளம்பியவன். திருப்பூரில் சாயப் பட்டறை, பெங்களூரில் கட்டிட வேலை, சித்தூரில் மாங்கூழ்த் தொழிற்சாலை, சத்தியவேட்டில் லாரிக்கு மூட்டை ஏற்றி இறக்கும் ஹமாலி வேலை. ஓரிடத்தில் இரண்டு வருடம் தங்கினால் அதிகம். பஸ் ஸ்டாண்டில் படுத்திருக்கிறேன், பட்டினியும் கிடந்திருக்கிறேன். அதில் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. கூட இருந்தவர்களும் அப்படித்தான் இருந்தார்கள்.

போனில் மாமா கத்தினார். அவர் காலமான என் அம்மாவின் தம்பி, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

“டேய், எங்க கீற?”

“இறால் பார்த்துக்கினு கீறேன், மாமா.”

“இறால் எங்கயும் ஓடாது. நீ பொறப்பட்டு வா. உன் தங்கச்சிக்கு வரி போட்டுக்கினு கீறாங்க.”

என் தங்கைக்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம். முப்பத்து நாலு வயது. நடக்க முடியாது, பேச்சு நாலைந்து வார்த்தை. ஆனால் யார் நல்லவர், யார் நடிக்கிறார் என்று என்னைவிடச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவாள். நைனாவுக்குக் காலம் முழுக்க அவள் கவலைதான். கூலி வேலை செய்து வாங்கிய ஒன்றரை ஏக்கரைச் சுற்றித் தொழிற்சாலைகள் வந்து நிலத்துக்கு விலை ஏறியபோது, அதை விற்றுப் பணத்தை பேங்கில் போட்டு, மாமாவைப் பொறுப்பாளராக வைத்து, அவளுக்காக ஒரு டிரஸ்ட் எழுதினார். அந்த வட்டியில்தான் திருப்பதியில் தரைத்தள வீட்டுக்கு வாடகை போனது, அவளைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டி உடற்பயிற்சிக்கு அழைத்துப்போக வேலைக்கு வைத்த ஓர் அம்மாவுக்குச் சம்பளம் போனது. முப்பது வருடம் படுத்தே இருந்தவள், அந்த அம்மா வந்தபிறகு சுவரில் பதித்த கம்பியைப் பிடித்து எழுந்து நிற்கப் பழகியிருந்தாள்.

நோட்டீசில் சொன்ன வரியைக் கட்டினால் அந்த அம்மாவை நிறுத்த வேண்டும். ஒரு வருடத்தோடு முடிகிற வரியும் இல்லை. பத்திரம் அப்படியே இருக்கும்வரை வருடா வருடம் வரும்.

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில், ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் ஓர் ஆடிட்டர் இருந்தார். நான் வந்து இறங்கியதும் மாமா என்னை அவரிடம் அழைத்துப்போனார். சின்ன வயதுப் பெண். வீட்டில் தெலுங்கு, சித்தூரில் படித்ததால் தமிழும் தண்ணீர்பட்ட பாடு. பத்திரத்தை ஒருமுறை படித்தார், இன்னொரு முறை படித்தார்.

“பாபாய், இதுல உங்க அக்கா வீட்டுக்காரர் ரெண்டு பேர் பெயர எழுதியிருக்காரே?” என்று மாமாவைக் கேட்டார். பாபாய் என்றால் தெலுங்கில் சித்தப்பா.

மாமா என்னைப் பார்த்தார். “ஆமாம்மா. இவனும் புள்ளதானே.”

எங்கள் பக்கத்தில் பத்திரம் என்றால் எல்லாப் பிள்ளைகள் பெயரும் அதில் வர வேண்டும். ஒருவன் பெயரை விட்டால் அவன் செத்துப்போனான், அல்லது அப்பன் விரட்டிவிட்டான் என்று ஊர் பேசும். நானோ அப்போது வருடக்கணக்கில் வீட்டுப் பக்கம் வராதவன். ஊர் அப்படி ஏற்கெனவே பேசத் தொடங்கியிருக்கும். அந்த வாயை அடைக்கத்தான் நைனா என்னையும் சேர்த்திருக்கிறார். “என் மகளுக்கும் மகனுக்கும், யாருக்கு எப்போது எவ்வளவு தேவையோ அதைப் பொறுப்பாளர் பார்த்துக் கொடுக்கலாம்” என்று தெலுங்கில் அழகாக எழுதியிருந்தது. பத்திரம் எழுதுபவர் படித்துக் காட்டியபோது நைனா எவ்வளவு நிம்மதியாகத் தலையாட்டியிருப்பார் என்று என்னால் பார்க்க முடிந்தது.

“அதான் தப்பு” என்றார் ஆடிட்டர். “யாரு பங்கு எவ்வளவுன்னு தெரியாத டிரஸ்டுக்கு, பெரிய கோடீஸ்வரர் தன்னோட கடைசி ரூபாய்க்கு என்ன ரேட்டு கட்றாரோ, அதே ரேட்டு. அதுவும் முதல் ரூபாயிலேர்ந்து.”

“வீல் சேர்ல குந்திக்கினு கீற பொண்ணுக்கும் அதேவாம்மா?”

“யாரு குந்தியிருக்காங்கன்னு சட்டம் பார்க்காது பாபாய். பணக்காரங்க வருமானத்தப் பிரிச்சு மறைக்கக் கூடாதுன்னு போட்ட விதி. பெரியவர் உயில்ல எழுதி, இந்தப் பொண்ணுக்கு மட்டும்னு சொல்லியிருந்தா இந்தத் தொல்லையே இல்ல. உயிரோட இருக்கறப்பவே எழுதினாலும், இவங்க பேர் ஒண்ணே இருந்தா, இவங்களுக்கு என்ன வரியோ அதான். அதாவது ஒண்ணுமில்ல.”

“இப்ப இன்னா பண்றது?”

“ஒரு வழி இருக்கு. பத்திரத்துல பேர் இருக்கற யாருக்குமே வரி கட்ற அளவு வேற வருமானம் இருக்கக் கூடாது. வேற டிரஸ்ட்லயும் அவங்க பேர் இருக்கக் கூடாது. அப்படி இருந்தா சாதாரண ரேட்டுதான். இந்த வட்டி இரண்டரை லட்சத்துக்குள்ளதான். வரியே வராது. தங்கச்சிக்கு வேற வருமானம் இல்ல. அண்ணா, உங்களுக்கு?”

மாமா வாய்விட்டுச் சிரித்தார். “இவனுக்கா? இவன் துன்ற சோத்துக்கே வருமானம் பத்தாது.”

நானும் சிரித்தேன். என் இல்லாமை முதல்முறையாக ஒருவருக்குப் பயன்படப்போகிறது என்று உள்ளுக்குள் ஒரு பெருமைகூட வந்தது. ஆடிட்டர் என் பான் கார்டு எண்ணைத் தட்டிப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

“அண்ணா, நோட்டீஸ்ல கேட்டிருக்கற வருஷத்துல உங்க பேர்ல பதினெட்டு லட்சம் வந்திருக்கே?”

மாமா குனிந்து என் செருப்பைப் பார்த்தார். ஒரு வார் அறுந்து, கம்பி போட்டுக் கட்டியிருந்தது.

“பதினெட்டு லட்சம் வச்சிக்கினுதான் போன தீபாவளிக்கு எங்கிட்ட வேட்டி வாங்கிக்கினு போனியாடா?”

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. சத்தியவேட்டில் நாங்கள் பன்னிரண்டு ஹமாலிகள். கிடங்குக்காரர்கள், பான் கார்டும் பேங்க் கணக்கும் உள்ள ஒரே ஆள் பெயரில்தான் மொத்தக் கூலியையும் போடுவோம் என்றார்கள். திருப்பூரில் இருந்தபோது எடுத்த பான் கார்டு என்னிடம் மட்டும்தான் இருந்தது. பன்னிரண்டு பேரின் கூலியும் என் கணக்கில் விழும். சனிக்கிழமை எடுத்து மேஸ்திரி கையில் கொடுப்பேன், அவர் பங்கு போடுவார். அரசாங்கத்தின் கம்ப்யூட்டருக்கு அந்தப் பன்னிரண்டு முதுகும் தெரியவில்லை. என் ஒரு பெயர்தான் தெரிந்தது.

“வந்தது வேற, வருமானம் வேற” என்றார் ஆடிட்டர். “பங்கு போட்டதுக்கு ஆதாரம் இருந்தா உங்க பங்கு ஒன்றரை லட்சம்தான். பிரச்சினையே இல்ல. கையெழுத்து நோட்டு ஏதாவது இருக்கா?”

நோட்டு இருந்தது. வாராவாரம் எல்லோரும் அதில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தோம். ஆனால் எங்கள் செட்டில் ஒரு வழக்கம். ஆயுத பூஜை அன்று எல்லோர் முன்னாலும் மேஸ்திரி அந்த வருடத்து நோட்டைக் கிழித்துப் போடுவார். பழைய கணக்கைக் கிளறி எவனும் சண்டைக்கு வரக் கூடாது என்பதற்காக. நானே ஒரு வருடம் கைதட்டியிருக்கிறேன்.

பதில் போட இன்னும் பதினைந்து நாள்தான் இருந்தது. “நோட்டு இல்லன்னா ஆளுங்க வேணும்” என்றார் ஆடிட்டர். “ஒவ்வொருத்தரும் நோட்டரி முன்னாடி, என் கூலிய நான் வாங்கிட்டேன்னு எழுதிக் கொடுக்கணும்.”

மறுநாள் சத்தியவேடு பஸ் ஏறினேன். வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்பு. அந்தச் செட்டை விட்டு நான் சொல்லாமல் கொள்ளாமல் போனவன். அதிலும் ஒருவனின் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவன்.

கிடங்கு வாசலில் லாரி நின்றிருந்தது. என்னை முதலில் பார்த்தவன் சைக்கிள்காரன்தான்.

“வாடா பெரிய மனுசா! சைக்கிள் எங்க?”

“நெல்லூர்ல, இறால் குட்டையில கீதுடா.”

“அங்க இன்னா பண்ணிக்கினு கீது? இறால் மேய்க்குதா?”

மேஸ்திரி மூட்டை மேல் உட்கார்ந்து முழுக்கதையையும் கேட்டார். என் தங்கை கம்பியைப் பிடித்து நிற்பதையும் சொன்னேன். கடைசியில் கேட்டார்: “அப்ப நீ பணக்காரன் இல்லேன்னு நாங்க சாட்சி சொல்லணும். அவ்ளோதானே?”

“அவ்ளோதான்.”

“அதுக்கு நோட்டரி எதுக்கு? உன் மூஞ்சியப் பார்த்தா தெரியலையா?”

எல்லோரும் சிரித்தார்கள். ஒரு நாள் கூலி போகுமே என்று நான் இழுத்தேன். மேஸ்திரி டிரைவர் பக்கம் திரும்பி, வியாழக்கிழமை லோடு கிடையாது, லாரி நிற்கட்டும் என்று தெலுங்கில் சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை ஒன்பது பேர் திருப்பதியில் வந்து இறங்கினார்கள். பத்தாவது ஆள் சென்னையில் வேலை பார்த்தவன், அங்கிருந்து தனியாக வந்தான். இன்னொருவன் வெளிநாடு போயிருந்தான். அவன் மனைவி, வாராவாரம் அவன் கூலியைப் போட்டுவைத்த பேங்க் புத்தகத்தோடு வந்திருந்தாள். எல்லோரும் குளித்து, சலவைச் சட்டை போட்டு, கல்யாணத்துக்கு வந்தவர்கள்போல இருந்தார்கள். மேஸ்திரி தலைக்குச் சாயம்கூடப் பூசியிருந்தார்.

மாடியேறி வந்து நின்றதும் மேஸ்திரி கேட்டார்: “ஆபீசர் எங்கம்மா?”

“ஆபீசர் எந்த ஊர்ல இருக்காருன்னு எனக்கே தெரியாதுங்க. இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்லதான். யாரையும் நேர்ல பார்க்க மாட்டாங்க.”

அவர் முகம் தொங்கிப்போனது. “அப்ப இந்தச் சட்டைய நாங்க யாருக்குக் காட்றது?”

“எனக்குக் காட்டுங்க” என்றார் ஆடிட்டர். கூடவே ஒரு யோசனையும் சொன்னார். ஒவ்வொருவரின் வாக்குமூலத்திலும் போட்டோ ஒட்டலாம். அதற்குப் பிறகு கீழே இருந்த போட்டோக் கடையில் வரிசை நகரவேயில்லை. சைக்கிள்காரன் மூன்று முறை தலை வாரினான். வாக்குமூலம் படித்துக் காட்டியபோது அவன், “சைக்கிள் விசயத்தையும் ஒரு வரி சேருங்க மேடம்” என்றான். ஆடிட்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அதற்கும் வருமான வரிக்கும் சம்பந்தம் இல்லை என்றார். முதல் கையெழுத்து அவனுடையதுதான்.

மதியம் எல்லோரும் தங்கை வீட்டில் சாப்பிட்டோம். அவ்வளவு பேரை அவள் ஒன்றாகப் பார்த்ததில்லை. மிரளுவாள் என்று நினைத்தேன். சைக்கிள்காரனின் கரகரத்த குரலைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு அடங்கவேயில்லை. அவனும் விடாமல் அவளிடம் என்மேல் புகார் சொல்லிக்கொண்டே சாப்பிட்டான்.

ஆடிட்டர் என் பேங்க் கணக்கையும் சேர்த்து அனுப்பினார். சனிக்கிழமை தவறாமல் பணம் முழுதாக எடுத்தது அதில் வரிசையாக இருந்தது. நான் எங்கெங்கே வேலை செய்தேன் என்று என் கையாலேயே ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். ஓடிய ஊரெல்லாம் ஒரு பக்கத்தில் அடங்கிவிட்டதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

இரண்டரை மாதம் கழித்து, மாமா வீட்டில் இருந்தபோது போன் வந்தது.

“அண்ணா, வரி ஜீரோ. பேங்க்ல வரின்னு பிடிச்சது கூடத் திரும்ப வருது.”

மாமா போனைப் பிடுங்கி இன்னொரு முறை சொல்லச் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டு எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு மூன்றாம் முறை சொல்லச் சொன்னார். நான் சத்தியவேட்டுக்குப் போன் செய்தேன். லாரி இரைச்சலுக்கு நடுவே மேஸ்திரி விஷயத்தைக் கூவிச் சொல்வதும், மற்றவர்கள் ஓவென்று கத்துவதும் கேட்டது. பணம் வந்ததற்கு அவர்கள் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை.

“ஒரே ஒரு விசயம்” என்றார் ஆடிட்டர், நாங்கள் இனிப்பு கொண்டுபோனபோது. “பேர் அதுல இருக்கறவரைக்கும் நீங்க நல்லா சம்பாதிக்கவே கூடாது அண்ணா. சம்பாதிச்சா தங்கச்சிக்குத் திரும்பப் பெரிய வரி வந்துரும்.”

“அதப் பத்தி பயமே வாணாம்மா” என்றார் மாமா.

எனக்கு அது பிடிக்கவில்லை. அவளுக்காக நான் காலமெல்லாம் ஏழையாக இருக்க வேண்டும் என்பது நைனா கேட்ட விஷயம் அல்ல. வழி இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. இந்த டிரஸ்டில் எனக்கு வரும் உரிமையை நான் வேண்டாமென்று விடுகிறேன் என்று பொறுப்பாளருக்கு எழுதிக் கொடுத்தால், அதன்பின் தங்கை ஒருத்தி மட்டும்தான். அவள் பங்கு எவ்வளவு என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. முழுவதும் அவளுடையது.

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். எட்டாம் வகுப்போடு விட்ட கையெழுத்து, கோணல்தான். மாமா வாங்கிப் படித்தார்.

“ஊர்ல கேட்டா இன்னா சொல்றது? அப்பன் எழுதின பேர புள்ளையே அடிச்சிக்கினான்னா?”

“ஆமா மாமா, அப்படியே சொல்லு.”

தங்கை வீட்டுக்குப் போய் அந்தத் தாளை அவளிடம் காட்டினேன். அவள் அதைப் பார்க்கவில்லை. கையை நீட்டினாள். அந்த அம்மாவும் நானும் பிடித்துக் கம்பியருகே நிறுத்தினோம். மாமா கண்டக்டர் குரலில் ஒன்று, இரண்டு என்று நொடிகளை எண்ணத் தொடங்கினார். முப்பதில் கால் நடுங்கியது. நாற்பதில் அந்த அம்மா நாற்காலியை இழுத்தார். தங்கை வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ஐம்பத்திரண்டுவரை நின்றாள்.