இட்லி நீலமான கதை

சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். என் நாய் நீலமாகிவிட்டது.

நடந்தது போன மாதம். மானம் போகிற சமாசாரம் என்பதால் இந்தப் பக்கத்தில் வேறு எதையெதையோ எழுதி ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். இனிமேல் சொல்லலாம்.

அவன் பெயர் இட்லி. என் கணவர் வைத்தது. குட்டியாக வந்தபோது வெள்ளை வெளேரென்று, புசுபுசுவென்று, தட்டில் வைத்தால் சாம்பார் ஊற்றிவிடலாம் போல இருந்தான். இப்போது செம்பாக்கத்தில் எங்கள் தெருவைக் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். மழையும் சேர்ந்துகொண்டது. ஒரு வாக்கிங் போய் வந்தால் வயிற்றில் செம்மண், வாயைச் சுற்றிப் பழுப்பு, முதுகில் எங்கேயோ உரசிய கிரீஸ்... இட்லி தோசை ஆகிவிட்டான். அதுவும் கருகிய தோசை.

சும்மா இருப்பேனா? கடலை மாவு போட்டுத் தேய்த்தேன். சமையல் சோடா போட்டேன். போனில் பார்த்த வீடியோவில் யாரோ ஒரு பெண் தயிர் தடவச் சொன்னாள். தடவினேன் — அவனே நக்கித் தீர்த்துவிட்டான். கறை மட்டும் அப்படியே இருந்தது.

அப்போதுதான் பாத்ரூம் அலமாரியில் சொட்டு நீலம் கண்ணில் பட்டது.

என் கணவர் ஸ்கூல் வாத்தியார். வெள்ளைச் சட்டையைத் தவிர வேறு போட மாட்டார். கடைசி அலசலில் நாலு சொட்டு நீலம் — கல்யாணமானதிலிருந்து என் கைக்குப் பழகிய வேலை. அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அதற்கப்புறம் இந்த வீட்டில் வெளுக்க வேண்டிய வெள்ளை என்று ஒன்றுமே இல்லை. நான் கட்டுவதெல்லாம் கலர் காட்டன். பாட்டில் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது.

வெள்ளை என்றால் நீலம். அவ்வளவுதானே? கை தானாகவே மூடியைத் திறந்தது. இவ்வளவு பெரிய உடம்புக்கு நாலு சொட்டு எந்த மூலைக்கு என்று கொஞ்சம் தாராளமாகவே விட்டேன். துணியென்றால் முக்கின வேகத்தில் எடுத்துவிடுவோம். இவன் டப்புக்குள் ஜம்மென்று உட்கார்ந்துவிட்டான்.

ஈரத்தில் தெரியவில்லை. காய்ந்த பிறகு பார்க்கிறேன்... ஐயையோ! வெளிர் நீலத்தில் நிற்கிறான். உட்கார்ந்த பாகம் மட்டும் கருநீலம்.

பதறிப்போய் நாய் டாக்டருக்கு போன் போட்டேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுவது நன்றாகவே கேட்டது. "உடனே ஷாம்பூ போட்டு நல்லா அலசுங்க மேடம். நக்க விடாதீங்க. மிச்ச கலர் போகப் போகப் போயிடும். துணிக்குப் போடறதத் துணிக்கு மட்டும் போடுங்க." அலசு அலசென்று அலசினேன். தண்ணீர் தெளிந்தது. நாய் தெளியவில்லை.

சாயங்காலம் அவனுக்கு அவசரம். வேறு வழி? முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் கிளம்பினேன்.

எங்கள் தெருக்காரர்கள் நல்லவர்கள். ஆனால் கேட்டைச் சாத்திக்கொள்கிறவர்கள். அவர் இருந்தவரை அது எனக்கு உறைக்கவேயில்லை. பேச அவர் இருந்தார். இப்போது சில நாள் பொழுது விடிந்து பொழுது சாய்கிறவரை நான் வாய் திறந்து பேசுவது இட்லியிடம் மட்டும்தான். என் குரல் எனக்கே மறந்துபோய்விடுமோ என்று பயமாக இருக்கும்.

அன்றைக்கு நடந்ததே வேறு! முனையில் நிற்கும் ஆட்டோக்காரர் — தினமும் என்னைப் பார்த்தும் பார்க்காதவர் — வண்டியை விட்டு இறங்கியே வந்துவிட்டார். "இன்னா மேடம் இது? நாய்க்குப் பெயிண்டு அட்ச்சுகீறீங்க!" பால்கனிகளில் தலைகள் முளைத்தன. எதிர் வீட்டு ரஷீதா கேட்டைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள். ஹார்டுவேர் கடைக்காரரின் மனைவி. அதுவரை எங்கள் பழக்கம் தலையை ஆட்டுவதோடு சரி.

"அல்லாவே! என்னக்கா பண்ணீங்க?"

சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். பழக்கம் விட்டுப்போனதில் தாடை வலித்தது.

மறுநாள் டப்பாவில் சேமியா எடுத்துக்கொண்டு 'பேஷன்ட்'டைப் பார்க்க வந்தாள். வந்தவள் ஹாலில் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். அதில் நானே உட்காருவதில்லை. ஆனாலும் அந்த நாற்காலியில் ஒரு ஆள் இருப்பது நன்றாக இருந்தது.

"சார் வெள்ளைச் சட்டை போட்டுட்டுப் போவாரே, பளிச்சுனு! எங்க வீட்டுக்காரர்கிட்ட காட்டுவேன்க்கா... சட்டைன்னா அதுதான் சட்டைன்னு."

எழுந்து போய் டீ போட்டேன். டீ வேண்டாம் என்றுதான் அவள் சொல்லியிருந்தாள். எனக்குக் கொஞ்சம் அழ வேண்டியிருந்தது.

அப்புறம் தினமும் விசாரிப்புதான். "இன்னிக்குக் கொஞ்சம் வெளுத்துகீது மேடம்" என்பார் ஆட்டோக்காரர். மாடி வீட்டுப் பெண்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். தெருவில் எனக்குப் பெயரே 'நீல நாய் ஆன்ட்டி'. சாயங்காலம் ஆனால் இட்லிக்கு முன்னால் நான் செருப்பைத் தேடினேன்.

ஒவ்வொரு குளியலுக்கும் நிறம் இறங்கியது. நான் குளிப்பாட்டும் நாளைத் தள்ளிப்போட ஆரம்பித்தேன். மழைக்காலம், சளி பிடிக்கும் என்று எனக்கு நானே கதை விட்டுக்கொண்டேன். சளியாவது ஒன்றாவது? இவன் வெள்ளையாகிவிட்டால் என்னிடம் பேச யாருக்கு என்ன இருக்கப்போகிறது என்ற பயம்தான்.

போன வாரம் முழுசாக வெளுத்துவிட்டான். பளிச்சென்று — அவர் சட்டை மாதிரியே.

ஆசையாகக் கூட்டிக்கொண்டு போனேன். ஆட்டோக்காரர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பால்கனிகளில் துணிதான் காய்ந்தது. ரஷீதா மகளின் பிரசவத்துக்கு வேலூர் போயிருக்கிறாள், வர நாளாகுமாம். ஒரு முழுச் சுற்று சுற்றி வந்தேன். ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்களைச் சொல்லி என்ன? வெள்ளை நாயைப் பற்றிக் கேட்க என்ன இருக்கிறது?

வீட்டுக்கு வந்து இட்லியின் காலைக் கழுவித் துடைத்தேன். நிமிர்ந்தால் எதிரே பாத்ரூம் கண்ணாடி. அவனை இனிமேல் நீலத்தில் முக்குவதாக இல்லை. வாயில்லா ஜீவன், பாவம்.

ஆனால் என் தலையும் இப்போது முழு வெள்ளை... பாட்டிலில் பாதி மிச்சம் இருக்கிறது!