பின் சுவருக்குக் கேட்க வேண்டும்

போன புதன்கிழமை எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஒரு கடை திறந்தேன். சரக்கு — ஒரு கூடை, அதில் ஒரு பிடி பீன்ஸ், இரண்டு லீக்ஸ். கடைக்காரர்கள் என் நான்காம் வகுப்புப் பிள்ளைகள். சட்டம் ஒன்றே ஒன்றுதான். விற்கிறவர் குரல் பின் சுவருக்குக் கேட்க வேண்டும்!

எதற்கு இந்தக் கூத்து என்கிறீர்களா? பெயர் என்னவென்று கேட்டாலே கால் பெருவிரலைப் பார்க்கிற பிள்ளைகள். நாளைக்கு பஜாரிலும் ஆபீசிலும் எப்படி வாய் திறப்பார்கள்?

முதலில் சரோஜா வந்தாள். பத்து வயது. கூடையை மேசையில் வைத்தாள். இரண்டடி பின்னால் போய், கையைக் கட்டி, தலை குனிந்து நின்றுவிட்டாள்.

"கூவி வில்லும்மா" என்றேன்.

"கூடைய வச்சிட்டேனே சார்... இனி நிறுக்கிறவங்கதானே பேசணும்?"

எனக்குச் சுருக்கென்றது. அவள் பார்த்த ஒரே வியாபாரம் கொழுந்து நிறுவை. அம்மா கூடையைக் கொடுத்துவிட்டு விலகி நிற்பார். கணக்கப்பிள்ளை தராசைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, இத்தனை றாத்தல் என்பார். மறுபேச்சு கிடையாது.

விட்டேனா நான்? வகுப்பையே கத்த வைத்தேன். "தராசக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கய்யா, பாக்கணும்!" தகரக் கூரை அதிர்ந்தது. எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் மத்தியானம் சரோஜா அம்மாவுக்கு ரொட்டி கொண்டுபோனாள். நிறுவை நடந்துகொண்டிருந்தது. அம்மாவின் கூடை தராசில் ஏறியதும்... அதே வாக்கியம். அதே சத்தம்!

அரை மணி நேரத்தில் அவள் அம்மா பாக்கியம் மூச்சிரைக்க என் முன்னால் நின்றார்.

"கணக்கப்பிள்ளை அரைப் பேர்தான் போடுவேங்கிறாரு சார், அரை நாள் சம்பளந்தான். நாளைக்குக் காலைல வேலைக்குப் பேர் போடுற பெரட்டுல வந்து நிக்காதேங்கிறாரு. வேல போனா நாங்க இருக்கிற லயத்துக் காம்பராவும் போயிரும். எம்புள்ளைக்கு என்னத்தச் சொல்லிக் குடுத்தீங்க?"

பதில் சொல்வதற்குள் எனக்கும் ஆள் வந்தது. கண்டாக்கு ஐயா ஆபீசுக்குக் கூப்பிடுகிறாராம். கணக்கப்பிள்ளைகளுக்கெல்லாம் மேலே இருப்பவர் அவர்.

உண்மையைச் சொல்கிறேன். பயந்துதான் போனேன். பள்ளிக்கூடம் தோட்டத்துடையது. நான் படுத்தெழும்புகிற வீடும் தோட்டத்துடையது. வெறும் விளையாட்டுங்க ஐயா... பிள்ளை தப்பா விளங்கிக்கிச்சு... வழியெல்லாம் இதையே ஒத்திகை பார்த்தேன்.

ஆபீசில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சரோஜா நின்றாள். மேசைமேல் ஒரு பத்திரிகை — நீங்கள் இப்போது கையில் வைத்திருக்கிற இதே பத்திரிகைதான். கண்டாக்கு ஐயா வாராவாரம் படிப்பவர்.

"தராசத் திருப்பச் சொல்லி ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

சரோஜா என்னைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன தெரிந்ததோ...

"யாரும் இல்லைங்க. நானாத்தான் கேட்டேன்."

நான்? ஊருக்கெல்லாம் பேச்சுக் கற்றுக்கொடுக்கிறவன், கையைக் கட்டி, தலை குனிந்து நின்றேன்.

"சின்னப் புள்ளன்னு விடுறேன். இன்னொரு தடவ இப்படி நடந்தா அம்மாவுக்கு வேலையில்ல" என்றார். மறுநாள் காலைப் பெரட்டில் பாக்கியத்துக்கும் வேலைக்குப் பெயர் விழுந்தது. நான் பிழைத்தேன். வெட்கமாக இருக்கிறது.

நேற்று வகுப்பில் கடையைத் திறக்கவில்லை. ஜன்னல் பக்கம் ஒரு கண் வைத்துக்கொண்டு, வாய்ப்பாட்டை மெதுவாகச் சொல்லிக்கொடுத்தேன். கடைசி வாங்கிலிருந்து சரோஜா எழுந்தாள்.

"சார்... பின் சுவருக்குக் கேக்கலைங்க."

அடுத்த வாரம் இது அச்சில் வந்தபின் இந்த வீட்டில் இருப்பேனா, தெரியாது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

சொல்லிக்கொடுத்தது நான்தான், கண்டாக்கு ஐயா. கேட்கிறதுங்களா?