வாத்தியார் வேஷக்காரரின் கையெழுத்து

“பன்னெண்டு படிச்சிட்டா புத்தி வந்துருமா? அந்த வாத்தியாரு சொல்லட்டும், கேக்குறேன். நீ சொல்லி நான் கேக்கணுமாக்கும்?” என்றார் அய்யா.

வாத்தியார் என்று அவர் சொன்னது, தொலைக்காட்சித் தொடரில் தலைமையாசிரியராக வரும் நடிகரை. அவர் திரையில் வந்தால் அய்யா பீடியை அணைத்துவிடுவார். பத்தாவது முடித்திருந்த என் தங்கையைத் திருப்புல்லாணி அத்தை மகனுக்குப் பேசியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை பூ வைக்க வருகிறார்கள். அவளை மேலே படிக்க வையுங்கள் என்று, வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போன நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

அந்த வாரம் ராமநாதபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ரசிகர் மன்றத்தார் அந்த நடிகரை வரவழைத்திருந்தார்கள். இப்படிப் போகிறவர்களைக் கேலி செய்கிறவள் நான். போனேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மாள், “புள்ளைக்கு அவரு வாயால பேரு வைக்கணும்” என்று தூங்கும் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டே இருந்தார்.

தொடரில் நரைத்த தலை. நேரில் கன்னங்கரேலென்ற முடி, சிவப்புச் சட்டை.

“பேரு என்னம்மா?”

“பேரு வேணாம் சார். ‘தங்கச்சியப் படிக்க வையுங்க’ன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நீங்க சொன்னா எங்கய்யா கேப்பாரு.”

அவர் சிரித்தார். “தொடர்ல நானே அடுத்த வாரம் செத்துப்போறேம்மா. மாரடைப்பு. வெளிய சொல்லிராத.”

“கையெழுத்து மட்டுந்தான் தங்கச்சி. பின்னால எம்புட்டுப் பேரு நிக்காக பாரு, நகரு” என்றார் மன்றத்துக்காரர். தாள் என் கைக்கு வருவதற்குள் பேனா அடுத்த தாளுக்குப் போய்விட்டது.

வீட்டில் அய்யா கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு அதை வாங்கினார். அவருக்கு எழுத்து தெரியாது.

“என்ன எழுதியிருக்காரு, படி.”

நான் எதைப் படித்தாலும் நம்பியிருப்பார். அடுப்படியிலிருந்து தங்கை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வரி நாக்கு வரை வந்தது. இத்தனை வருஷம் படித்தது இதற்கா என்றும் இருந்தது.

“அவரு பேரு மட்டுந்தான்ய்யா.”

“நீ கேட்டியா?”

“கேட்டேன்.”

“கேட்டும் எழுதலையா? அப்ப அவருக்கே அது சரியாப் படல பாரு.” கோபமே இல்லை. நிம்மதியாகத்தான் இருந்தார். தாளைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினார்.

“ஒரு வரி பொய்யா வாசிச்சா உனக்கு என்னக்கா கொறஞ்சிரும்?” என்று தங்கை கேட்டாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

அத்தை இரங்குகிற ஆள் இல்லை. மகனுக்குப் பெண் வேண்டும், மிளகாய்க் காட்டுக்கு ஆள் வேண்டும். அது தெரிந்தேதான், தங்கச்சியைப் படிக்க விடுங்கள் என்று என் வாயாலேயே கேட்க, மறுநாள் அய்யா வயலுக்குப் போனதும் திருப்புல்லாணிக்குப் பேருந்து ஏறினேன். அத்தை வாசலில் மிளகாயைக் கிளறிக்கொண்டிருந்தார்.

“என்னத்தா, பூ வைக்க நாங்கதான வரணும்? நீ இங்கன வந்து நிக்கிற?”

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். மாமாவையும் மச்சானையும் கூப்பிடச் சொன்னேன்.